“இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?” – புரூணையில் என்னை நிறுத்திய கேள்வி

சகோதரர்களே, கேட்காமலும் கொடுக்கிற, கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பாத என் இறைவனாகிய ரப்பைப் புகழ்ந்து இதை எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு ரமலான் மாதம். புரூணையின் தலைநகரில் ஒரு விடுதி அறை. தொழுகை விரிப்பின் மீது நான் விழுந்து கிடந்தேன். நோன்பு திறக்க வாங்கி வைத்த சோறு மேசையில் ஆறிப்போயிருந்தது. ஒரு வாய்த் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. மனதில் ஒரே ஒரு கேள்வி நின்றது. நாங்கள் இத்தனை காலமாகப் பன்றிக் கொழுப்பைத் தின்றோமா? பிறருக்கும் தின்னக் கொடுத்தோமா?

நான் கீழக்கரைக்காரன். கல்லூரிக் காலத்தில் பட்டிமன்ற மேடைகளில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்தப் பக்கத்தில் உட்காரவைத்தாலும், கைதட்டல் வாங்காமல் நான் கீழே இறங்கியதில்லை. அந்த நாவன்மையை நம்பித்தான் என் மூத்த சகோதரர் ஜமால் காக்கா என்னை வளைகுடாவுக்கு அழைத்துக்கொண்டார். ஷார்ஜா தொழில்பேட்டையில் அவருக்குப் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. பேரீச்சம்பழ விழுது வைத்த பிஸ்கட் எங்கள் சிறப்பு. அவர் மாவைப் பார்த்துக்கொள்வார். நான் சந்தையைப் பார்த்துக்கொள்வேன்.

சந்தை தேடித்தான் புரூணைக்குப் போனேன். அந்த நாட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. சின்னஞ்சிறு நாடு. பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் கொட்டிக் கிடக்கின்றன. அந்தச் செல்வம் அவர்களைக் கூச்சல் போட வைக்கவில்லை. சாலையைக் கடக்க நீங்கள் காலெடுத்து வைத்தால் கார்கள் தாமாக நிற்கின்றன. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைத்தெரு முழுவதும் கதவடைத்துக்கொள்கிறது. தனிமனிதருக்கு வருமான வரி இல்லை. அந்நியர் தொழில் தொடங்க உள்ளூர்க் கூட்டாளி வேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்டதும், வளைகுடாவில் நமக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரரான கபீலைப் போல ஆண்டுக்கொரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தவரோ ஹாஜா நோர்சியா. ஹஜ் செய்த பெண்மணியை அங்கே ஹாஜா என்று மரியாதையோடு அழைக்கிறார்கள். கணவரை இழந்த பிறகு மளிகைக் கடைகளைத் தனியாளாக நடத்தி வளர்த்தவர். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசியதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். முதல் சந்திப்பில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மகனே, நன்றாகப் பேசுகிறாய். பிஸ்கட்டைக் கொண்டு வந்திருக்கிறாயா?” என்றார். தின்று பார்த்தார். பெருநாளுக்கு இரண்டு கன்டெய்னர் அனுப்பச் சொன்னார். முதலில் விற்றுப் பார்ப்போம், கூட்டுத் தொழிலைப் பிறகு பேசுவோம் என்றார்.

முதல் கன்டெய்னர் சிக்கலின்றி வந்து அவர் கிடங்குக்குள் போய்விட்டது. இரண்டாவதைத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். ஹலால் சோதனை அதிகாரி என் வயதுக்காரர். உட்காரச் சொல்லி, நோன்பா என்று விசாரித்து, அதன் பிறகே கேட்டார்.

“மாவு மிருதுவாக வர ஏதோ சேர்த்திருக்கிறீர்களே, இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?”

சகோதரர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை. எமல்சிஃபயர் என்ற அந்தக் கொழுப்பு ஐரோப்பாவிலிருந்து டப்பாவில் வரும். அதைத் தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், பன்றியிலிருந்தும் எடுக்கலாம். ஷார்ஜாவில் எங்களை யாரும் இதைக் கேட்டதில்லை. நாங்களும் யாரையும் கேட்டதில்லை. முதலாளி முஸ்லிம், வேலைக்காரர்கள் முஸ்லிம், நாடு முஸ்லிம் நாடு. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று நாங்கள் மட்டுமா நினைத்தோம்? அந்தத் தொழில்பேட்டையே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

காக்காவுக்குப் போன் போட்டேன். டப்பா விற்கிற வியாபாரியைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார்.

“அவன் சிரிக்கிறான்டா தம்பி. ‘பாய், மெக்காவுக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு ஹலாலான்னு கேக்கிறீங்களே’ங்கிறான். கம்பெனிக்காரன கேட்டுச் சொல்லச் சொன்னா, மாஃபி டைம், நேரமில்ல, பெருநா கழியட்டும்ங்கிறான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தொழிற்சாலையை ஒட்டிய பள்ளிவாசல் கூடாரத்தில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு ரமலானிலும் நாங்கள் பிஸ்கட் கொடுத்து வந்தோம். நாளெல்லாம் வெயிலில் வேலை பார்த்துவிட்டு, அந்த மனிதர்கள் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடியாக வாயில் வைத்தது எங்கள் பிஸ்கட்டை. அவர்கள் நோன்பை நான் எதைக் கொண்டு திறந்து வைத்தேன்? என் உம்மா தினமும் தேநீரில் தோய்த்துத் தின்றது எதை? அறியாமல் செய்தது குற்றமாகாது என்று மார்க்கம் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் அறியாமையா?

மறுநாள் காலை கிடங்குக்குப் போனேன். முதல் கன்டெய்னர் சரக்கு லாரிகளில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டப்படி அதற்குத் தடை இல்லை. ஹாஜா வாசலில் நின்று பெட்டிகளை எண்ணவைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கன்டெய்னர் சில நாள் தாமதமாகும் என்று மட்டும் நான் சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். எந்தப் பக்கத்துக்கும் வாதாடத் தெரிந்த நாக்கு என்னிடம் இருந்தது. அல்லாஹ் அன்று அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டான்.

“ஹாஜா, கொழுப்பைப் பற்றிக் கேட்டுத் துறைமுகத்தில் நிறுத்திய இரண்டாவது கன்டெய்னரிலும் இங்கே ஏற்றுவதிலும் இருப்பது ஒரே கொழுப்பு. அது என்னவென்று எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு லாரிக்காரர்களிடம் திரும்பிக் கையை உயர்த்தினார். ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கோபமாக ஒரு சொல் இல்லை. தாமே அதிகாரிக்குத் தகவல் சொல்லி, கிடங்குச் சரக்கையும் பரிசோதனைக்கு ஒப்படைத்தார். அந்தக் கண்ணியத்துக்கு முன்னால் நான் தலை குனிந்து நின்றேன்.

காக்கா போனில் வெடித்தார்.

“ஒனக்கு மூளை கெட்டுப்போச்சாடா? வெளிய வந்த சரக்க எவனாவது உள்ள தள்ளுவானா? பேசுறதுக்குத்தானே ஒன்ன அனுப்புனேன்! மேடையில வாய மூடச் சொன்னாலும் மூட மாட்ட, மூட வேண்டிய எடத்துல…”

“காக்கா, கூடாரத்துல நோன்பு தொறந்தவங்கள நெனச்சுப் பாருங்க.”

அதோடு காக்காவின் கோபம் இறங்கிவிட்டது.

“சரி, வைய்யி” என்றார்.

அன்றிரவுதான் நான் விரிப்பின் மீது விழுந்தது. முதலில், சரக்கை வெளியே எடுத்துக் கொடு என்றுதான் கேட்டேன். வாய் அதைச் சொன்னது, மனம் ஒட்டவில்லை. அழுதேன். பிறகு என் வேண்டுதல், என் துஆ, தானாக மாறியது. “யா அல்லாஹ், உண்மையைக் காட்டு. அது எங்களுக்கு எதிராக இருந்தாலும் காட்டு. நீ விலக்கிய ஹராமை எங்கள் கைகளால் ஊட்டியிருந்தால் மன்னித்துவிடு. இல்லையென்றால், இல்லை என்று எங்களுக்குத் தெரியப்படுத்து.” அதைக் கேட்ட பிறகு மூச்சு சீரானது, பசி எடுத்தது. ஆறிய சோற்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காக்காவே அழைத்தார். தொழிற்சாலையை நிறுத்திவிட்டாராம். கூடாரத்துக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஆரஞ்சுப் பழம் கொடுத்தாராம். சாப்பாட்டுக்காகக் கூடாரத்துக்கு வரும் அரியலூர்க்காரர் முருகேசன் கேட்டாராம்: “என்னா பாய், பிஸ்கட்டு கலாஸா, தீந்துபோச்சா? நோம்பு இல்லாதவன் நான் நெறைய தின்னுட்டேனா?”

“அவருக்கு என்ன சொன்னீங்க?”

“உள்ளதச் சொன்னேன். ‘அட, அதுக்கா இப்படி மொகத்த வச்சிருக்கீங்க? ஒங்க சாமிக்குத் தெரியாதா பாய் நீங்க வேணும்னு செய்யலன்னு? நானும் வேண்டிக்கிறேன் போங்க’ன்னுட்டுப் போறாரு.”

பெருநாள் வந்தது, போனது. எங்கள் பிஸ்கட் எந்தக் கடையிலும் இல்லை. ஹாஜா வீட்டில் அன்று கதவே சாத்தவில்லை. உறவினரும் அயலாரும் தெரியாதவரும் வந்து உண்டு போனார்கள். அவர் என்னைத் தம் பிள்ளைகளோடு உட்காரவைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், “இவர் துபாய்ப் பக்கத்திலிருந்து வந்த என் நண்பர்” என்றார். விற்காத சரக்கின் சொந்தக்காரனுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று கூசினேன்.

பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்தன. அந்த அதிகாரி என்னை நேரில் வரச் சொன்னார். பரிசோதனையில் பன்றியின் கூறு எதுவும் காணப்படவில்லை. அதோடு விட்டுவிடாமல், தயாரித்த கம்பெனியையே நேராக விசாரித்திருக்கிறார்கள். முழுவதும் பாமாயிலிலிருந்து எடுத்த கொழுப்பு.

“சுத்தமானது, சகோதரரே” என்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

அந்த அலுவலகத் தரையிலேயே நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ்! உம்மா தின்றது சுத்தம். கூடாரத்தில் ஒவ்வொருவரும் நோன்பு திறந்தது சுத்தம். நான் கேட்டது இதைத்தானே! போனில் சொன்னதும் காக்கா விம்மி அழுதார். பிறகு, “உம்மாட்ட நீயே சொல்லு. எனக்குப் பேச்சு வரல” என்றார்.

நான் ஊர் திரும்புவதற்கு முன் ஹாஜா கூட்டுத் தொழிலைப் பற்றித் தாமே பேசினார். “தொழிற்சாலையை இங்கே போடுவோம். எங்கள் நாட்டுச் சோதனையில், எங்கள் கண் முன்னால் செய்வோம். என் பங்கு கையெழுத்து மட்டும் இல்லை மகனே, தினமும் வந்து நிற்பேன்.”

அப்படியே நிற்கிறார். தொழிற்சாலை இன்று அந்த மண்ணில் ஓடுகிறது. பெருநாள் விற்பனை தவறிய அந்த ஆண்டில்தான் எங்கள் வீட்டில் பரக்கத் என்னும் இறையருள் நுழைந்தது. ஷார்ஜாவிலும் எந்த டப்பா வந்தாலும் அதன் பிறப்பிடத்தைக் கேட்காமல் காக்கா மூடியைத் திறப்பதில்லை. நான் இப்போதும் மேடையேறுகிறேன். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை நிரூபிக்க என் நாவைக் கொடுப்பதில்லை.

சகோதரர்களே, நெருக்கடி உங்கள் கதவையும் தட்டும். அப்போது தப்பிக்கும் வழியைக் கேட்கத்தான் மனம் துடிக்கும். அதையும் கேளுங்கள், தவறில்லை. அதற்கு முன்பாக உண்மையைக் கேளுங்கள். அது உங்களுக்கு எதிராக வந்தால் தாங்குகிற நெஞ்சையும் கேளுங்கள். இரண்டையும் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். பதில் வருவதற்கு முன்பே பசி எடுக்கும். அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் அடையாளம் அதுதான்.