உப்புக் கிணற்று வர்ஜினியா

என் அப்பா சோலைமுத்து சென்ற மாதம் இறந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. வர்ஜினியா என்றால் தெரியும்.

வர்ஜினியா அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே நீல மலைத்தொடர், நடுவே செம்மண் சரிவு. ஆண்டு மழை நாற்பது அங்குலத்துக்கு மேல். அது எல்லா மாதமும் பிரிந்து பெய்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களைப் புகையிலை காப்பாற்றியது. பிறகு அதை நட்டதும் ஒடித்ததும் கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அவர்களுக்கு நிலம் இல்லை.

1957இல் ஒரு சிகரெட் கம்பெனி ஆள் ரெட்டியார்சத்திரத்தில் கூட்டம் போட்டு, அந்த மாநிலத்தின் படத்தை விரித்து, வர்ஜினியா ரக விதை கொடுத்தார். மண், மலை, மழை எல்லாம் சொன்னார். அடிமைகளைப் பற்றிச் சொல்லவில்லை. மழையைச் சொன்னபோது அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மேக்கே மலை, கீழே செவக்காடு. நம்ம காட்டைப் பாத்துத்தான் வரஞ்சிருக்கான் புள்ள."

மாமா கருப்புசாமி அம்மாவின் அண்ணன். அவர் காடும் எங்கள் காடும் ஒட்டியவை. நடுவில் இரண்டு கிணறுகள், ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உப்பு. இரண்டிலும் தண்ணீர் இறைக்க இருவருக்கும் முறை உண்டு. எங்கள் பக்கத்தில் மெல்லும் புகையிலைக்கு உப்புத் தண்ணீர்தான் பாய்ச்சுவார்கள். இலை காரமாகும், காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும். வியாபாரி அதைத்தான் முதலில் எடுப்பார்.

சீமை இலைக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான் உயர்ந்தது என்று அப்பா நினைத்தார். நல்ல கிணற்றில் தன் முறை முழுவதையும் மாமாவுக்குக் கொடுத்து, உப்புக் கிணற்றில் மாமாவின் முறையை வாங்கிக்கொண்டார். முனியாண்டி கோயிலில் இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அப்படிச் சொன்னது எங்கள் ஊரில் மாறாது.

பயிர் ஆள் உயரம் வளர்ந்தது. கம்பெனி கட்டிய கொட்டகையில் அனல் போட்டு உலர்த்தினார்கள். கம்பெனி ஆள் ஊர் பார்க்க ஓர் இலையைச் சுருட்டிப் பற்ற வைத்தார். கருகி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

நான் இப்போது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அன்று இலை அணைந்ததற்குக் காரணம் குளோரைடு. அது இலையில் ஏறினால் இலை எரியாது. அன்று யாருக்கும் தெரியாது, மாமாவுக்கும்தான். என்ன தண்ணீர் என்று கம்பெனி ஆளும் கேட்கவில்லை.

திண்டுக்கல் வியாபாரி அப்துல் வாஹித் இலையைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினார். "இது வேற ரகம், காரமே இல்ல அப்பு. மெல்லவும் ஆகாது, புகைக்கவும் ஆகாது."

அடுத்த வெள்ளாமைக்கு வெங்காயம் போட அப்பா நல்ல தண்ணீர் முறையைத் திருப்பிக் கேட்டார். டீக்கடையில், ஆட்கள் முன்னால். மாமா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வர்ஜினியாவுல பன்னெண்டு மாசமும் மழையாம்ல மாப்ள. சொல்லி விடுங்க, ரெண்டு மேகம் அனுப்புவான்."

கடை முழுவதும் சிரித்தது. அன்று விழுந்த பெயர்.

நல்ல தண்ணீர் பாயாமல் மண்ணில் உப்பு ஏறி, எங்கள் காடு முள் மண்டியது. அப்பா மாமாவின் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போனார். மாப்ள என்பது போய், "ஏலே வர்ஜினியா, மடையைத் திருப்பு" ஆனது. அப்பா திருப்பினார். தானே விட்டுக்கொடுத்த தண்ணீரைத்தான். அம்மா அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் காட்டுக் கூலியில்தான் சாப்பிட்டோம்.

சென்ற மாதம் அந்தக் காட்டு வாய்க்காலில்தான் அப்பா மண்வெட்டியோடு விழுந்தார். தண்ணீர் கரை உடைத்துக்கொண்டு ஓடியது. மாமா முதலில் மடையை அடைத்தார். பிறகு ஆளைத் தூக்கினார். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ராமுத்தாய் இதை என்னிடம் சொன்னாள்.

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குக் குடம் எடுத்தோம். மாமா வந்து நின்றார். "நல்ல தண்ணியிலயே ஒரு குடம் எடுத்துக்கங்க மாப்ள. சத்தியம் உசுரோட இருக்கிறவனுக்குத்தான்."

நான் உப்புக் கிணற்றுக்குப் போனேன்.

சோப்பு நுரைக்கவில்லை. பாடை கட்டி முடிப்பதற்குள் வெயிலில் அப்பாவின் நெற்றி காய்ந்து வெள்ளை பூத்தது. அம்மா ஈர முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் பூத்தது.