புளித்த ஆரத்தி

என் மூத்தார், அதாவது என் புருஷனின் அண்ணன் நீலமேகத்துக்கு ஒரே மகள் வசுமதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் பதினொன்றாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள்தான். எழுபத்தி நாலாம் வருஷம் அது. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய்வருவாள். வந்ததும், சாராள் டீச்சர் நடத்திய ரசாயனப் பாடத்தை வாசலில் நடந்துகொண்டே உரக்க ஒப்பிப்பாள். கருவாடு, உப்பு, என் காதுக் கம்மல் எல்லாமே அணுவால் ஆனதாம்.

"கல்பாக்கத்துல கட்டிகினு கீறாங்களே, அந்த அணுவாடி?" என்று கேட்டேன்.

"அதே அணுதான் சித்தி."

"அப்போ கருவாட்டு மேல உக்காந்தா வெடிக்குமா?"

"நீ உக்காந்தா கருவாடுதான் பாவம்."

அப்படி ஒரு வாய் அவளுக்கு. அந்த வாய்தான் வம்பை இழுத்தது.

ஒரு சாயங்காலம் மூத்தார் கடலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இவள் ஒப்பித்தாள்: "சோடியம் குளோரின வுட்டுட்டு நைட்ரேட்டோட பூடும். குளோரின் வெள்ளியோட சேந்துக்கும். அணு புதுசா பொறக்காது, அழியாது. ஜோடிதான் மாறும்."

மூத்தார் சொம்பைக் கீழே வைத்தார். "யாருடி அந்த சோடியம்?"

"உப்புல கீது நைனா."

"உப்பளத்துல வேலை செய்றவனா? வெள்ளின்றது இன்னா, நம்ம பக்கத்து வூட்டு வெள்ளியம்மாளா?"

"ஐயோ நைனா, இது பாடம்!"

"ஜோடி மாத்தறது பாடமா? பரீட்சையில வேற கேப்பாங்களா?"

"அஞ்சு மார்க்கு."

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் மூத்தார் சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கேதான் அவருடைய அக்கா ஜெகதாம்பாளைக் கொடுத்திருந்தது. எனக்கு நாத்தனார், வசுமதிக்கு அத்தை. அவள் மகன் தாண்டவராயனுக்கு வசுமதியைப் பேசி, பூ வைக்க நாளும் குறித்துக்கொண்டு வந்தார். கல்யாணம் பரீட்சைக்கு முன்னாலேயே. பையன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் வசுமதி அழுத அழுகை இருக்கிறதே!

"பரீட்சை எழுதிட்டு கட்டிக்கறேன் நைனா."

"அந்தப் பரீட்சைதான் உன்ன கெடுக்குது."

மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லி கேட்டாள். பூ வைக்கிற அன்றைக்கு, "ஆரத்தி நானே கரைக்கறேன்" என்றாள். பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

சதுரங்கப்பட்டினத்துப் பெண்கள் வந்தார்கள். பூ வைத்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி ரத்தச் சிவப்பாக இருந்தது. நடுவில் வெற்றிலை மிதந்தது, அதன்மேல் கற்பூரம், கற்பூரத்தைச் சுற்றி வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. கற்பூரம் உதிர்ந்திருக்கிறது என்று நினைத்தோம். ஜெகதாம்பாள் கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். தண்ணீர் தளும்பி வெற்றிலை மேல் ஏறியது. கற்பூரம் அணைந்தது. பொடி கரைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வெளுத்து, தட்டு முழுக்க மஞ்சள்!

"அய்யய்யோ, சகுனம்!" என்று ஒருத்தி கத்தினாள்.

வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நான்கூட நம்பினேன்.

ஜெகதாம்பாள் அசரவில்லை. "சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. சுண்ணாம்பு பத்தல. ஒரு ஆரத்தி கரைக்கத் தெரில இவளுக்கு." சுருக்குப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, சுண்ணாம்பை விரலால் வழித்துப் போட்டுக் கலக்கினாள். சிவந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அடியில் கிடந்த மிச்சப் பொடி கரைந்ததும் மறுபடியும் மஞ்சள்.

"உன் டப்பாவக் குடுடி!" என்றாள் என்னிடம். கொடுத்தேன். சிவப்பு. மஞ்சள். இரண்டு டப்பாவும் காலி.

கோபத்தில் நாத்தனார் ஒரு வெற்றிலையை மடித்து, கலக்கின அதே விரலால் வாயில் திணித்தாள். முகம் அஷ்டகோணலானது.

"புளிக்குதுடி! ஆரத்தி எங்கயாச்சும் புளிக்குமா? இன்னாடி போட்ட?"

இனி மறைக்க முடியாது என்று வசுமதி நிமிர்ந்தாள். "எலுமிச்சை உப்பு அத்தே. சோடாக் கடையில வாங்கினேன். சுண்ணாம்பு மஞ்சளச் செவக்க வைக்கும், புளிப்பு திரும்ப மஞ்சளாக்கிடும். பரீட்சை எழுதணும் அத்தே, அதான்."

மூத்தார் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஜெகதாம்பாள் நடுவில் நின்று தடுத்தாள்.

"அடிக்காத நீலமேகம். பொண்ண நீயே வச்சிக்க. இன்னிக்கு ஆரத்தியில போட்டவ, நாளிக்கு என் கொழம்புல இன்னா போடுவாளோ! எனக்கு வோணாம்பா இந்த மருமவ."

வைத்த பூவை வைத்தபடியே விட்டுவிட்டு மாட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

வசுமதி பரீட்சை எழுதினாள். ரசாயனத்தில் வகுப்பிலேயே அவள்தான் அதிக மார்க்கு. மேலே டீச்சர் டிரெயினிங்குக்கும் எழுதிப் போட்டாள், இடமும் கிடைத்தது. இடையில் வேறு மாப்பிள்ளை பார்க்காமலா இருந்தார் மூத்தார்? பார்த்தார். ஆனால் ஜெகதாம்பாள் மீன் கூடை இறக்கிய இடமெல்லாம் இந்தக் கதையையும் இறக்கி வைத்திருந்தாள். வாய் மாறிப் போகப் போக, வசுமதி தொட்டால் பால் நீலமாகிறது, முறைத்துப் பார்த்தால் சோறு கறுக்கிறது என்று ஆகிவிட்டது. கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் வரை, பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் எங்கள் குப்பத்துப் பக்கம் தலை வைக்கவில்லை.

டிரெயினிங் முடிகிற வரைக்கும் மூத்தார் வாரம் ஒரு தடவை பெருமூச்சோடு கேட்பார்: "யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரும் வரல நைனா," என்பாள் வசுமதி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "இன்னா பண்றது, வர்ற வரைக்கும் படிச்சிகினு இருக்கறேன்."