குறை சொல்ல வராதவர்கள்

மரணச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் வேலையில் ஒரே ஒரு நிம்மதி உண்டு: யார் பெயரில் எடுக்கிறோமோ அவர் வந்து குறை சொல்ல மாட்டார்.

இது என் பிழைப்பு அல்ல. பிழைப்பு துபாய் ஜெபல் அலியில், ஒரு கிடங்கில் ராத்திரி டூட்டி. வந்த பெட்டி எத்தனை, போன பெட்டி எத்தனை என்று எண்ண வேண்டும். படிப்பு எட்டாவதோடு சரி. அரபி எழுத்தைக் கற்றுக்கொண்டதும் அந்த அட்டைப்பெட்டிகளில்தான். பால் பவுடர், பேரீச்சம்பழம், 'கவிழ்த்து வைக்காதே' என்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி, பதினாலு வருஷத்தில் அரசாங்க ஃபாரம் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். பகலில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எங்கள் லேபர் கேம்ப்பே சைட்டுக்குப் போன பிறகு, ஆபீஸ்கள் திறந்திருக்கும் நேரத்தில், கட்டிலில் புரண்டுகொண்டு கிடப்பவன் நான் ஒருவன்தான். அதனால் இது என் தலையில் விழுந்தது. கவுண்டர் கவுண்டராக அலைந்து, 'நாளைக்கு வா' என்று கேட்டுத் திரும்பியிருக்கும் உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

ஏழு பேருக்கும் தெரியாதது

முதலில் போனவர் பரமசிவம். எங்கள் ரூமில் கீழ்க்கட்டில்காரர், புதுக்கோட்டைப் பக்கம். நான் டூட்டி முடிந்து வரும்போது மற்றவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், இவர் எழுந்திருக்கவே இல்லை. ஆம்புலன்ஸும் போலீஸும் வந்து போன பிறகு ஃபோர்மேன் என்னைப் பார்த்து, "நீ பகல்ல சும்மாதான இருக்க? யல்லா, பேப்பர் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

மறுநாள் கவுண்டரில் கொடுத்த ஃபாரத்தில் மூன்றாவது கட்டம், தாயின் பெயர். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல் மட்டும். அம்மா பெயர் கடைசிப் பக்கத்தில் அல்லவா இருக்கும். ரூம்காரர்கள் ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டேன். என்னோடு சேர்த்து ஏழு பேர், ஆறு வருஷம் அவரோடு ஒரே ரூம். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எந்தப் பக்கம் திரும்பினால் குறட்டை வரும் என்பதெல்லாம் தெரியும். அம்மா பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் அவருடைய செல்ஃபோன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. ஊருக்கு எப்போதோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து எடுத்தேன். எடுத்ததும், "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்டுவிட்டேன். யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எம் பேரு எதுக்குய்யா? பரமசிவம் பக்கத்துல இல்லையா?"

எல்லோருக்கும் ஒரே காரணம்

அதன் பிறகு அக்கம்பக்கத்து கேம்ப்பில் எது நடந்தாலும் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பேப்பர்களை வாசிக்க வாசிக்க ஒன்று கவனித்தேன். பெயர் மாறும், வயது மாறும், காரணம் என்ற கட்டத்தில் மட்டும் அநேகமாக அதே வரி இருக்கும்: இதயமும் மூச்சும் நின்றுவிட்டன. கீழே விழுந்தவனுக்கும் அதுதான், தூக்கத்தில் போனவனுக்கும் அதுதான்.

தஞ்சாவூர்ப் பையன் ஒருவன், முப்பத்திரண்டு வயது, தலைவலி என்று மாத்திரைகூடப் போடாதவன். சைட்டில் மத்தியானம் தண்ணீர் குடித்துக்கொண்டே சரிந்திருக்கிறான். அவன் அண்ணன் சவுதியில், தம்மாமில் லாரி டிரைவர்; லீவு கிடைக்கவில்லை, வர முடியவில்லை. ஃபோனிலேயே பேப்பரை வாசிக்கச் சொன்னார். எனக்குள் ஒரு சின்னப் பெருமை, அரபியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறேனே என்று. வாசித்து அர்த்தமும் சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். லாரியை ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பது கேட்டது.

"நின்னுபோச்சுங்கறது எங்களுக்கே தெரியுமே தம்பி. ஏன் நின்னுச்சுன்னுதான கேக்குறோம்."

பதிவில் இல்லாதவர்

போன வருஷம் ராமநாதபுரம் கடற்கரை ஊரிலிருந்து செல்வி என்ற பெண் கூப்பிட்டது. கைக்குழந்தையாக அதை விட்டுவிட்டு அப்பா மாரிமுத்து இங்கே வந்தாராம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதினோரு மாதம் அல் ஐனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. கடைசிக் கடிதம் வந்தது ஒரு மாசி மாதம். கம்பெனி விலாசத்துக்கு எழுதாதே, ஒரு டீக்கடை விலாசத்துக்கு எழுது என்று மனைவியிடம் சொல்லியிருந்தாராம். ஊருக்கு அது ஒன்று போதாதா? அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான், அதுதான் விலாசத்தை மறைக்கிறான் என்று பேசி முடித்துவிட்டார்கள். அந்த அம்மா காமாட்சிக்கு முப்பது வருஷமாக 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றுதான் பெயர்.

"அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுண்ணே. ஒண்ணுதான் கேக்குது. செத்தாரா, விட்டுட்டுப் போனாரான்னு தெரிஞ்சா போதுமாம்" என்றது செல்வி. காமாட்சி கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் வந்தது.

டூட்டி முடிந்த கையோடு அல் ஐன் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டரில் அவ்வளவு பழையது கிடையாது என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது, ஒரு எகிப்துக்கார குமாஸ்தா மனமிரங்கிப் பழைய பேரேட்டை எடுத்துவந்து போட்டார். கோடு போட்ட பெரிய நோட்டு, ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வருஷம், முந்தின வருஷம், அடுத்த வருஷம் எல்லாவற்றிலும் விரல் வைத்துப் பார்த்தேன். மாரிமுத்து இல்லை. "மாஃபி", இல்லவே இல்லை என்றார் குமாஸ்தா, நோட்டை மூடியபடி.

வாசலில் நின்றே செல்விக்கு ஃபோன் செய்தேன். நல்ல சேதி சொல்கிறவன் போல, "இங்க சாகல தங்கச்சி, பதிவே இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

"அப்ப ஊரு சொன்னதுதான் சரின்னு அம்மாகிட்டச் சொல்லிரவாண்ணே?"

குளிப்பாட்டியவர்

அதைக் கேட்டுவிட்டு எப்படி பஸ் ஏறுவது? கடைத்தெருவில் காதர் பாயைத் தேடிப் போனேன். நாற்பது வருஷமாக அங்கே துணிக்கடை வைத்திருப்பவர், அவரும் அதே கடற்கரைக்காரர்தான். அந்தக் காலத்தில் நம்மூர் ஆள் யார் இறந்தாலும் முன்னால் நின்று அடக்கம் செய்தது அவர்தான் என்று கேள்வி.

மாரிமுத்து என்ற பெயரையும் கடைசிக் கடிதம் வந்த மாசியையும் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். "அந்த மாசியில நம்ம ஊர்க்காரன் ஒரே ஒருத்தன்தான் தம்பி மவுத்து. சாகுல் அமீதுன்னு. தண்ணித் தொட்டி மேலேர்ந்து விழுந்துட்டான். நாங்கதான் தொழுக வச்சு அடக்கினோம்." அந்தப் பெயரைப் பேரேட்டில் நானும் பார்த்திருந்தேன், இது நமக்கில்லை என்று விரலைக் கீழே இறக்கியிருந்தேன்.

பாய் அளவுகோலை மேசையில் வைத்தார். கடையில் வேறு ஆள் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், முப்பது வருசமா யார்ட்டயும் சொல்லல. குளிப்பாட்டும்போதே தெரிஞ்சுபோச்சு, அவன் எங்காளு இல்ல. கையில பச்சை வேற குத்தியிருந்துச்சு." தலை மாற்றின பாஸ்போர்ட். ஒருவன் பாஸ்போர்ட்டில் இன்னொருவன் போட்டோவை ஒட்டி ஏற்றிவிடுவதை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியில் மாரிமுத்து என்று ஓர் ஆளே இல்லாதபோது அந்தப் பெயருக்குக் கடிதம் எப்படி வரும்? டீக்கடை விலாசம் அதற்குத்தான்.

"ஏன் பாய் போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா? பேர் தெரியாத மையத்துன்னு ஐஸ் பொட்டிக்குள்ளயே வச்சிருப்பான், மாசக்கணக்கா. பாஸ்போர்ட்ல இருந்த விலாசத்துக்கு நானே கடுதாசி போட்டேன், தந்தியும் குடுத்தேன். பதிலே இல்ல."

கையில் என்ன பச்சை குத்தியிருந்தது என்று கேட்டேன். சட்டைப் பையில் இருந்த அதிகாரக் கடிதத்தை நான் இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை.

"தமிழ்ல ஒரு பொம்பளப் பேரு. சோப்புப் போட்டுத் தேச்சவன் நான், மறக்குமா தம்பி? காமாட்சி."

செத்தவரின் கையெழுத்து

திரும்பவும் பேரேட்டுக் குமாஸ்தாவிடம் போனேன். சாகுல் அமீது பெயரில் நகல் வேண்டுமானால் சாகுல் அமீதின் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும் என்றார். அந்த வரியைக் கையால் எழுதிக்கொள்ள மட்டும் விட்டார். செல்வியிடம் விவரம் சொல்லி, சாகுல் அமீது குடும்பம் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று கேட்டேன். "குடும்பம் எதுக்குண்ணே, அவரே இருக்காரு. எங்க தெருமுனையில வலைக்கடை வச்சிருக்காரு. போன வாரம்கூட அம்மா எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்றது.

எழுதிக்கொண்டு வந்த வரியை எடுத்து, பெயரை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன்.

செல்வி நேராகக் கடைக்குப் போய் நின்று பச்சை குத்தின விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறது. மனுஷன் கையில் இருந்த நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டு, கடையைக்கூடச் சாத்தாமல் அதன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். தனக்கு விசா வந்த நேரம், போகக் கூடாது என்று பெற்ற உம்மா படுத்துக்கொண்டது, உன் பாஸ்போர்ட்டில் நான் போகிறேன் என்று மாரிமுத்து கெஞ்சியது, 'சாகுல் அமீது இறந்துவிட்டார்' என்ற தந்தியை சாகுல் அமீதே வாங்கிப் படித்தது, பாஸ்போர்ட் கேஸில் உள்ளே போய்விடுவோம் என்ற பயத்தில் அடுப்பில் போட்டது, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று முப்பது வருஷம் போனது என எல்லாவற்றையும் வாசற்படியில் நின்றே சொன்னாராம்.

காமாட்சி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டதாம். "ஓடலைல்ல?" என்று ஒரு கேள்வி. "ஓடல தங்கச்சி" என்றிருக்கிறார். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? வெளிய போயி தெருவுல நின்னு சொல்லு. எனக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு." போய் நின்று சொல்லியிருக்கிறார். எழுபதை நெருங்கிய மனுஷன், அழுதுகொண்டே. தெருவே வெளியே வந்து கேட்டதாம். பிறகு உள்ளே கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளில், 'அல் ஐனில் என் பெயரில் அடங்கியிருப்பது மாரிமுத்து' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டதாம். ஆபீஸ் பேப்பர் வேண்டாம், இது போதும் என்று சொல்லிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் புது நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. வயதான குரல். "தம்பி, நான் சாகுல் அமீது பேசுறேன்." அந்தப் பெயரை மரணப் பேரேட்டிலிருந்து நானே கையால் எழுதி எடுத்தவன்.

"அந்த நோட்டுல நான் எப்படிச் செத்தேன்னு போட்டிருக்கு?"

"எல்லாருக்கும் போடுறதுதான் பாய். இதயம் நின்னுபோச்சு, மூச்சு நின்னுபோச்சுன்னு."

அதை அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"தந்தி வந்த அன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. சரியாத்தான் எழுதியிருக்கான்."

இத்தனை வருஷத்தில் தன் பேப்பரைப் பற்றி என்னிடம் விசாரித்த இறந்தவர் அவர் ஒருவர்தான், அவரும் குறை எதுவும் சொல்லவில்லை.