சைகோனிலிருந்து வந்த ஞானஸ்நானச் சான்று

1960 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தைரியநாதர் தன்னுடைய மரணச் செய்தியைத் தானே படித்தார்.

சைகோனில் ஒரு பங்குச் சாமியார் பிரெஞ்சில் எழுதிய கடிதம் அது. மூன்றே வரி. பெயர் தைரியநாதர், தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா சவேரிநாதர், தாய் மரியம்மாள். 1906 மார்ச் நான்காம் தேதி ஞானஸ்நானம். அதே மாதம் ஏழாம் தேதி அடக்கம்.

இரண்டு முறை படித்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செபமாலை சாமியாரிடம் நீட்டினார்.

“சாமி, நான் செத்து அம்பத்து நாலு வருஷம் ஆவுதாம்.”

சாமியார் சிரிக்கத்தான் வாயெடுத்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார்.

தைரியநாதர் புதுச்சேரி சுங்க அலுவலகத்தில் எழுத்தர். பிள்ளைகள் இல்லை. 1957இல் மனைவி பிலோமினா இறந்தாள். அடுத்த வருடம், தானும் குருவாக வேண்டும் என்று கோயிலில் போய்ச் சொன்னார். அந்த வயதுக்காரரைக் குருமடத்தில் சேர்க்க மாட்டார்கள். வேலையை விடாமல் ஒரு சாமியாரிடம் தனியாகப் படிக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்துப் பார்ப்போம் என்று மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாரின் இல்லத்தில் அனுமதி கொடுத்தார்கள். படிப்பித்த செபமாலை சாமியாருக்கு முப்பத்து மூன்று வயதுதான். தன்னைவிட இருபது வயது மூத்த மாணவரை அவர் ‘முசே’ என்று மரியாதையாகவே கூப்பிட்டார்.

வகுப்பு என்று எதுவும் கிடையாது. முசேவுக்கு என்ன தெரியுமோ அங்கிருந்து சாமியார் தொடங்கினார். பூசைப் பாட்டெல்லாம் மனப்பாடம், அர்த்தம் தெரியாது. அந்தப் பாட்டுகளையே சொல் சொல்லாகப் பிரித்து லத்தீன் சொல்லிக்கொடுத்தார். புரியாத இடத்தில் ஒரு மாதம்கூட நின்றார்கள். நோயாளிகளைப் பார்க்க அழைத்துப்போவார், திரும்பும் வழியில், அங்கே எந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று கேட்பார்.

இப்படி இரண்டு வருடம் போன பிறகு கோப்புக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லை. பிள்ளைக்கு சைகோனில் ஞானஸ்நானம் ஆனது என்று அம்மா சொன்னதே போதுமானதாக இருந்தது. கல்யாணத்தின்போதும் உறவினர் இருவர் சத்தியம் செய்ததோடு விட்டுவிட்டார்கள். இப்போதுதான் முதல் முறையாக சைகோனுக்கு எழுதிக் கேட்டார்கள்.

கடிதம் எழுதியவர் பதிவேட்டில் வரி மாற்றிப் பார்த்திருப்பார் என்றார் சாமியார். அந்தக் காலத்தை அறிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மாவின் தங்கை பச்சையம்மாள் ஒருத்திதான் இருந்தாள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள். அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள் அக்காள் மட்டும்தான்.

மறுநாள் தைரியநாதர் போனபோது அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். அவள் கை நிற்கவில்லை.

“அது நீ இல்லப்பா. ஒனக்கு மூத்தவன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சைகோனில் பிறந்த முதல் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றே காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போய்விட்டது. தண்ணீர்தான் கொன்றது என்று அக்காள் நம்பினாள். மறுபடி கர்ப்பமாகிக் கப்பலேறி ஊர் வந்தாள். 1908இல் இந்தக் குப்பத்திலேயே இவர் பிறந்தார். ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி, சைகோனிலேயே இருந்த புருஷன் எழுதினான். ஆயிற்று என்று பதில் போட்டாள். அந்த வருடமே அவன் அங்கே இறந்தான். யாராவது கேட்டால் சைகோனிலேயே ஆயிற்று என்று சொல்வதற்காக, செத்த பிள்ளையின் பெயரையும் வயதையும் இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

“கோயில் வரைக்கும் தூக்கிகினு போனா. நானும் கூட போனேன். உள்ள போவ கால் வரல அவளுக்கு. வாசல்லயே நின்னு அழுதுட்டு வந்துட்டோம். யாராண்டையும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினா.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: “அம்பது வருஷமா நல்லாத்தான இருக்க?”

ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு திருச்சபையின் வேறு எந்தச் சடங்கும், எந்த தேவதிரவிய அனுமானமும் செல்லாது என்று பதினைந்து நாள் முன்புதான் தைரியநாதர் சாமியாரிடம் பிழையில்லாமல் ஒப்பித்திருந்தார். பூசையில் நாக்கில் வாங்கிய நன்மை, செய்த பாவசங்கீர்த்தனம், கட்டிய தாலி என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

நேரே சாமியாரிடம் போய் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“அப்போ பிலோமினாவுக்கு நான் யாரு சாமி?”

இரண்டு வருடமாக எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

“சட்டம் எனக்குத் தெரியும் முசே. ஆனா நீங்க கேக்கறது சட்டம் இல்ல. அதுக்கு எனக்கு பதில் தெரியல.”

பதினொரு நாள் தைரியநாதர் பாடத்துக்கு வரவில்லை. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது பெயரின் பாதியில் பேனா நின்றுவிடும். அம்மாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கு பேர் முன்னிலையில் அது நடந்தது. செபமாலை சாமியார்தான் தண்ணீர் ஊற்றினார். பச்சையம்மாளும் வந்திருந்தாள். அடுத்த மூன்று நாளும் விடிந்ததும் விடியாததுமாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், போய்விடுவாள். நான்காம் நாள் அவள் வரவில்லை. அன்றைக்குத்தான் தைரியநாதர் தன் அம்மாவுக்காக அழுதார்.

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை உடனே குருவாக்க முடியாது, காத்திருக்கட்டும் என்று மேற்றிராணியார் இல்லத்திலிருந்து பதில் வந்தது. மாலைப் பாடம் நிற்கவில்லை. விட்ட இடத்தில் தொடங்கலாமா என்று சாமியார் கேட்டபோது, முதலிலிருந்தே தொடங்கலாம் என்றார் முசே.

1962 டிசம்பரில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மேற்றிராணியார் குருவாவதற்கு முந்தைய படிகளில் முதல் பட்டத்தை அவருக்குக் கொடுத்தார். தலைமுடியை ஐந்து இடத்தில் கத்தரிப்பது அதன் சடங்கு. உச்சியில் முடி இல்லாததால் கத்தரி கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அந்தத் தலையோடே அவர் அலுவலகம் போனார். படிப்பு இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருந்தது.