சம்மதம் வாங்கிய விதம்

அறுபதுகளின் நடுவில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் நான் உதவியாளன். வயிற்றுப்பூச்சிக்கான புது மருந்தொன்றைத் தொழிலாளர்களிடம் சோதித்துப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

“சோதனைக்கு ஆளின் சம்மதம் வேண்டும். உலக டாக்டர்கள் கூடித் தீர்மானித்திருக்கிறோம்” என்றார், தானே போய்க் கையெழுத்துப் போட்டு வந்தவர் மாதிரி.

வரிசையில் முதலாவதாக நின்ற கொழுந்தெடுக்கும் பெண் கேட்டாள்: “வேணாம்னு சொல்லலாமுங்களா?”

“தாராளமாக. அது அவள் உரிமை.”

அதைத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் நின்ற கங்காணி சிரித்தார். “சொல்லு புள்ள. நாளைக்கு பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஒனக்கு வேல இல்ல.”

அவள் கைநாட்டு வைத்தாள். பின்னால் நின்றவர்களும் வைத்தார்கள்.

கங்காணி என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்காமலிருக்கும் அளவுக்குப் படித்தவர். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வேலை எனக்குப் பெரிதாயிருந்தது.

மூன்று நாள், தொழிலாளர்கள் குடியிருந்த லயம் முழுக்க வாந்தி. வாந்திக்கு மருந்து கொண்டுபோன என்னிடம் அந்தப் பெண், “நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா” என்றாள்.

எல்லோரும் மனமுவந்து சம்மதித்ததாக டாக்டர் அறிக்கை எழுதினார். அதை டைப் அடித்தவனும் நானே.