பிசிறு

பழைய வாரப்பத்திரிகையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடது கையால் மெல்ல இழுக்கிறார் மாஸ்டரம்மா. ஏதோ விளம்பரத்து வானம் கோணலாகக் கிழிந்து வருகிறது. உதட்டில் ஒட்டிய துணுக்கைத் துப்பிவிட்டு, "வானம் உப்புக் கரிக்குதுங்க" என்கிறார் என்னிடம்.

இருபத்திரண்டு வருடம் தையற்கடையில் கட்டிங் மாஸ்டராகத் துணி வெட்டியவர். கோடு போடாமலே வெட்டுவாராம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கையைத் தூக்கிக் காகிதங்களின் மேல் வைத்துக்கொள்கிறார். "சும்மா தின்னுட்டுப் படுத்திருக்கு. பேப்பராவது பறக்காமப் பாத்துக்கட்டும்."

முதல் ஆறு மாதம் சுவரையே பார்த்தபடி கிடந்திருக்கிறார். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருநாள் பத்திரிகையும் பசையும் கொடுத்து, எதையாவது கிழித்து ஒட்டச் சொல்லியிருக்கிறார். "கோவத்துல ஒரு புஸ்தகம் முழுக்கக் கிழிச்சேன். அன்னிக்குத்தான் நல்லா தூங்கினேன்." இப்போது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை.

கணவர் அச்சகத்தில் பைண்டர். பிசிறான ஓரத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் இரண்டாம் முறை போனபோது, மருத்துவமனைக் கண்காட்சிக்கான படம் பாதி ஒட்டியபடி மேசையில் கிடந்தது: ஜன்னலோரம் ஒரு பெண், வெளியே கடல். மறுநாள் காலை எடுத்துப்போக ஆள் வரும். மாஸ்டரம்மா குளிக்கப் போயிருந்தார். கடலுக்காக மூன்று வாரம் கிழித்துச் சேர்த்த துண்டுகளையெல்லாம் மனிதர் ஸ்கேலும் கத்தியும் வைத்து நேராக நறுக்கி அடுக்கியிருந்தார்.

"பாவம், ஒத்தைக் கையால கஷ்டப்படுறா. நம்மால ஆனது" என்றார் பெருமையாக.

மாஸ்டரம்மா வந்து துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"நேரா இருந்தா பாக்கறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களேன்னு…"

"நேரா வெட்டினவ போயிட்டா. அவளை எத்தனை நாள் தேடுவீங்க? இங்க இருக்கறவ கிழிக்கிறவ."

கணவர் முகம் தொங்கிப்போயிற்று. கத்தியை மடக்கிப் பையில் போட்டார். பிறகு மாஸ்டரம்மா ஒரு பத்திரிகையை அவர் பக்கம் தள்ளினார்.

"விடிஞ்சா ஆள் வந்துடும். கிழிங்க."

அவர் தாளை நேராக மடித்து, மடிப்பை நகத்தால் நீவினார். மாஸ்டரம்மா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிழித்தார்.