ஆடி மாசம் சம்பந்தியம்மாவோட வீடு பாத்தது

ஊரார் ஊட்டு சமையக்கட்டுல பூந்து, கொழாயத் தொறந்து, உள்ளங்கையில தண்ணி புடிச்சுக் குடிச்சுப் பாக்கற பொம்பளைய, எங்க சம்பந்தியம்மா ஒருத்தரத்தான் நான் பாத்துக்கீறேன். ஊட்டுக்காரம்மா பக்கத்துல நின்னுகினு, "காத்து பாருங்க, வெளிச்சம் பாருங்க"ன்னு ஜன்னல் ஜன்னலா தொறந்து காட்டிக்கினு இருப்பாங்க. இவங்க அதெல்லாம் திரும்பியே பாக்க மாட்டாங்க. நேரா கொழாயாண்ட போவாங்க. தண்ணிய வாயில ஊத்தி, கண்ண மூடி, டிகாஷன் ருசி பாக்கற மாரி கொஞ்ச நேரம் வச்சிருந்து முழுங்குவாங்க. அப்பால என் பக்கம் திரும்பி, "மதினி, இதுல பருப்பு வேகாது"ன்னுவாங்க. ஊட்டுக்காரம்மா மூஞ்சி செத்துப்பூடும். எனக்கு சிரிப்பு தாங்காது. முந்தானையால வாயப் பொத்திக்கினு வெளிய ஓடியாந்துடுவேன்.

எம் புள்ளைக்கு பெங்களூர்ல வேலை. அவனும் மருமவளும் பேத்தியும் அங்கதான் இருந்தாங்க. போன வருசம் அவனுக்கு மெட்ராஸ் ஆபீசுக்கு மாத்தல் ஆச்சு. போன்ல சொன்னான்: "அம்மா, ஆவணியில வந்துடுவோம். வீடுதான் பாக்கணும்." எனக்கு தல கால் புரியல. "நீ ஒண்ணும் கவலப்படாத நைனா, ஊட்ட நான் பாக்கறேன்"னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சரிம்மா, பாரு"ன்னான். அந்த கொஞ்ச நேரத்த நான் அன்னிக்கு கண்டுக்கல. 'சரிம்மா' மட்டுந்தான் காதுல வுழுந்துச்சு. நான் இருக்கற மயிலாப்பூர்லேர்ந்து பேத்தி ஊடு நடந்து போற தூரத்துல இருக்கணும், அவ்ளோதான் எனக்கு வேண்டியது. பொறந்ததுலேர்ந்து அந்தப் புள்ளைய லீவுக்கு லீவுதான் பாத்துக்கீறேன். வரும்போதெல்லாம் மொத நாள் என்னப் பாத்து மெரளும். ரெண்டாம் நாள் மடியில குந்தும். மூணாம் நாள் வண்டி ஏறிடுவாங்க.

எனக்கு எழுத படிக்கத் தெரியாது. இதக்கூட நான் சொல்லச் சொல்ல எதிர் ஊட்டுப் பொண்ணுதான் எழுதிக்கினு கீது. தி.நகர்ல ஜவுளிக்கடையில புடவை மடிச்சு அடுக்கற வேலையிலயே என் வயசு போயிடுச்சு. கஸ்டமரு விரிச்சுப் போட்டுட்டு வாங்காம போற பொடவைய எல்லாம், எவளும் தொடாத மாரி திரும்ப மடிச்சு வைக்கணும். தீபாவளி சமயத்துல கனவுலகூட மடிப்பேன். மொதலாளி தெக்கத்தி ஆளு. கடைப் பசங்க எல்லாம் திருநெல்வேலி பேச்சுதான் பேசுவானுங்க. அதனால சம்பந்தியம்மா பேசறது எனக்குப் புதுசு இல்ல. அவங்களும் அந்தப் பக்கந்தான். வீட்டுக்காரர் போனதுக்கு அப்பால அடையாறுல மூத்த புள்ள ஊட்டுல இருந்தாங்க. கல்யாணத்துல ஒருத்தருக்கொருத்தர் தாம்பூலம் குடுத்துக்கினதோட சரி, அதுக்கு மேல பேசிக்கினது இல்ல.

எம் புள்ளதான் சொன்னான், "தனியா அலையாதம்மா, அத்தையும் கூட வருவாங்க. போர்டெல்லாம் அவங்க படிப்பாங்க"ன்னு. அப்பிடித்தான் ஜோடி சேந்தோம். போர்டு படிக்கறது, போன் போடறது அவங்க வேலை. வாயடிக்கறது என் வேலை.

வீடு பாக்க ஆடி மாரி மாசம் கெடையாது. ஆடியில யாரும் குடி போவ மாட்டாங்க. காலியா ஊட்ட வச்சிருக்கறவங்க, யாராச்சும் வர மாட்டாங்களான்னு குந்திகினு இருப்பாங்க. நாம போனா ஃபேன் போட்டு, காப்பி குடுத்து, கல்யாணத்துக்கு வந்த மாரி கவனிப்பாங்க. இப்போ பேசி வச்சிக்கினு ஆவணி பொறந்ததும் பால் காச்சிக்கலாம். அவசரம்னா ஆனி முடியறதுக்குள்ளயே பால மட்டும் காச்சிட்டு, ஆடி போனப்புறம் சாமான ஏத்தறவங்களும் கீறாங்க. பால் காச்சிட்டா குடி போன மாரிதான். அப்பால வேற ஊட்டப் பாக்கற பேச்சே கெடையாது.

இன்னா சுத்து சுத்தினோம் தெரியுமா. மந்தவெளி, ஆழ்வார்பேட்டை, அடையாறு, அபிராமபுரம். என் வாழ்நாள் முழுக்க வெளிய நின்னு பாத்த கேட்டுக்கு உள்ள எல்லாம் அந்த ஆடியில போயிட்டு வந்துட்டேன். அடையாறுல ஆத்தாண்ட ஒரு ஊடு. கீழ் தளம். செவுத்துல இடுப்பு ஒசரத்துக்கு மட்டும் பச்சை பெயிண்டு, மேல வெள்ளை. சம்பந்தியம்மா அந்தக் கோட்டுமேல வெரல ஓட்டிக்கினே, "இதென்ன, இம்புட்டு மட்டும் புதுசா அடிச்சிருக்கிய?"ன்னு கேட்டாங்க. ஓனரு, "அது டிசைன்மா"ன்னாரு. "எங்க ஊருல இந்த டிசைனுக்கு வெள்ளம்னு பேரு"ன்னாங்களே பாக்கணும். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் சிரிச்சிக்கினே வந்தோம். ஒரு ஆட்டோக்காரன், "இன்னா பாட்டிங்களா, சினிமா பாத்துட்டு வரீங்களா?"ன்னு கேட்டான். "உன் மூஞ்சியப் பாத்துதான்"னு சொல்லி அனுப்பினேன்.

அவங்களுக்கு மூட்டு வலி. மாடி ஏறும்போது என் தோளப் புடிச்சுப்பாங்க. எறங்கும்போது நான் அவங்க கையப் புடிச்சுப்பேன், எனக்குக் கண்ணு சரியில்ல. ஒரு நாள் லஸ் கார்னராண்ட ஜூஸ் குடிச்சிக்கினு இருந்தப்போ நான் கேட்டேன், "ஏங்க சம்பந்தியம்மா, கடக்கரைப் பக்கம், கொட்டிவாக்கம், அங்கெல்லாம் பாக்க வேணாவா? அவன் ஆபீசுக்கு அதானே கிட்ட?" டம்ளர எறக்காமலே சொன்னாங்க: "அங்கன உப்புக்காத்து மதினி. கிரில்லு, ஃபிரிட்ஜு ஒண்ணு பாக்கியில்லாம துருப்பிடிச்சிரும். நமக்கு வேண்டாம்." நமக்குன்னாங்க. அந்த வார்த்தை எனக்கு எவ்ளோ குளுந்துச்சுன்னு சொல்ல முடியாது.

ஆடி பாதியிலதான் அபிராமபுரத்து ஊடு கெடச்சுது. மாடி போர்ஷன். பால்கனியில வேப்பங்கெளை கைக்கு எட்டும். கீழ ஓனரு, ஒரு மாமி, தனியா இருந்தாங்க. சம்பந்தியம்மா தண்ணிய குடிச்சாங்க. திரும்ப புடிச்சு இன்னொரு தரம் குடிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. மாமி கேட்டாங்க, "நீங்க சைவமோன்னோ?" நான் ஒளிக்கல. மீனு இல்லாம எங்களுக்கு ஞாயித்துக்கெழம விடியாது மாமின்னேன். மாமி யோசிச்சாங்க. "மீன் மட்டும் வேண்டாம். அந்த வாசனை ஆம் முழுக்க நிக்கும். மத்ததெல்லாம் உங்க சௌகரியம்." "அப்போ கோழி?" "அது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன்." அப்பவே நான் மனசுல சமைக்க ஆரம்பிச்சிட்டேன். ஞாயித்துக்கெழம நம்மூட்டுல வஞ்சிரம் வறுப்பேன். அதுங்க மூணும் மந்தவெளி வழியா நடந்து வந்து துன்னுட்டு, வெயில் சாஞ்சதும் போவும். பேத்திக்கு முள்ளு எடுத்துக் குடுப்பேன்.

"ஆவணி பொறந்ததும் பால் காச்சிடறோம், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க மாமி"ன்னு மாமி கையப் புடிச்சு சொன்னேன். மாமி, "உங்க வாக்கு போறும்"னாங்க. சம்பந்தியம்மா என் பக்கத்துலதான் நின்னாங்க. தலைய ஆட்டினாங்க. எறங்கும்போது அவங்க கை சில்லுனு வேர்த்திருந்துச்சு. வெயிலுன்னு நெனச்சேன்.

ஆவணியில எம் புள்ள வந்தான். அடையாறுல மச்சான் ஊட்டுல தங்கினாங்க. மறுநாள் காரு எடுத்துக்கினு வந்து, "அம்மா, ஒரு வீடு பாக்கணும் வா"ன்னான். மருமவளோட சம்பந்தியம்மாவும் காருக்குள்ள ஏற்கெனவே குந்தியிருந்தாங்க. என்னப் பாத்ததும் எப்பவும் போல 'வாங்க மதினி'ன்னு சொல்லல. நம்ம பையன் நாலு ஊட்டப் பாத்துட்டு முடிவு பண்ணுவான், பண்ணட்டும்னு நான் அபிராமபுரத்து வேப்ப மரத்தப் பத்தி பேசிக்கினே போனேன். காரு கொட்டிவாக்கத்துல நின்னுச்சு.

வாசப்படியில மாவெல தோரணம். காஞ்சு, சுருண்டு, தொட்டா உதுர்ற மாரி. நான் அப்பவும் ஒண்ணும் நெனைக்கல. பழக்க தோசத்துல நேரா சமையக்கட்டுக்குப் போனேன். செவுத்துல மஞ்சளும் குங்குமமும். மேடையில ஒரு மூலையில பால் பொங்கி வழிஞ்ச தடம், காஞ்சு போய் கெடக்குது. ஆடியில எவளும் பால் காச்ச மாட்டா. நேத்து காச்சியிருந்தா எல பச்சையா இருக்கும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனா அது தெரியும்.

"எப்போடா காச்சினீங்க?"ன்னேன். எம் புள்ள தரையப் பாத்துக்கினு சொன்னான்: "ஆனி கடைசியிலம்மா. அட்வான்ஸ் குடுத்துட்டோம். நீ மயிலாப்பூர்தான்னு ஆசையா இருந்தே. நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு..." "நீங்க அங்க இருந்தீங்களே, யாரு காச்சினது?" மருமவ மெதுவா, "அம்மாதான் அத்தை. நாங்க வீடியோவுல பாத்தோம்"னா.

நான் சம்பந்தியம்மாவப் பாத்தேன். ஜன்னலாண்ட நின்னு, தொறந்திருந்த கதவத் திரும்ப தொறக்கப் பாத்துக்கினு இருந்தாங்க. ஆனியில இந்த அடுப்புல பால் பொங்க வச்சிட்டு, ஆடியில எங்கூட வந்து ஊரு கொழாயெல்லாம் தொறந்து தண்ணி குடிச்சிருக்காங்க. கண்ண மூடி ருசி பாத்திருக்காங்க. எம் புள்ள இன்னொண்ணும் சொன்னான்: "அத்தைகிட்ட நான்தாம்மா சொல்ல வேணாம்னேன். உனக்கும் பொழுது போகும்னு." எனக்குப் பொழுது போக்கு காட்டறதுக்கு ஆள் வச்சிருக்கான். அந்த ஊட்டுத் தண்ணிய நான் வாயில வைக்கல.

புள்ள மேல கோவம் நிக்கல. அவன் சின்னதுலேர்ந்து அப்பிடித்தான், எனக்குப் புடிக்காதத சொல்ல வேண்டி வந்தா போத்திக்கினு படுத்துடுவான். ஆனா இவங்க தெனம் எங்கூட நடந்தவங்க. நான் படிக்க முடியாத போர்ட எனக்குப் படிச்சுக் காமிச்சவங்க. அவங்க படிச்சதத்தானே நான் நம்பினேன். எந்த ஊட்டுல சிரிச்சது நெசம், எதுல நடிச்சது, இத நெனச்சு நெனச்சு ஒவ்வொரு ஊடா திரும்பப் போயிட்டு வருவேன். தப்பா மடிப்பு வுழுந்த பொடவைய மடிக்கற மாரி இருந்துச்சு, எப்பிடி மடிச்சாலும் கோடு ஒக்காரல.

மாமிகிட்ட யாரு சொல்றது? நான்தானே வாக்கு குடுத்தது. தனியா கெளம்பிப் போனேன். கேட்டாண்ட சம்பந்தியம்மா நின்னுகினு இருந்தாங்க. எப்பிடித் தெரிஞ்சுதோ. பேசாம மாடிப்படியத் தாண்டி உள்ள போனேன். மாமி கேட்டுட்டு, "வந்தவாளையெல்லாம் திருப்பி அனுப்பிச்சேனேம்மா"ன்னாங்க. திட்டல. அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு. சம்பந்தியம்மா பின்னாலேர்ந்து, "இவியளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாந் தெரிஞ்சது எனக்குத்தான். என்னை வையுங்க"ன்னாங்க. இத சொல்ற வாயி அன்னிக்கும் இருந்துச்சே, அன்னிக்கு தலைய மட்டும் ஆட்டினாங்களேன்னு எனக்கு இன்னும் ஜாஸ்தியா எரிஞ்சுது.

ரோட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன். "ஏங்க, இன்னா ஒரு நாளாவது சொல்லத் தோணலியா? ஜூஸ் கடையில சொல்லியிருக்கலாம்ல, பஸ்ஸுல சொல்லியிருக்கலாம்ல?"

மூட்டப் புடிச்சுக்கினு அப்பிடியே நின்னாங்க. "சொல்லியிருந்தா, மறுநாளு என்னைக் கூப்பிட்டிருப்பியளா மதினி?"

பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். அவங்க ஏறல.

இப்போ நான் வாராவாரம் கொட்டிவாக்கம் போறேன். பஸ்ஸு மாறிப் போவணும். வறுத்த மீனு டப்பாவுல ஆறிப்பூடும், அங்க சூடு பண்ணிக்கறோம். பேத்தி என்னப் பாத்து மெரளறது இல்ல. சொல்றதுக்கு இன்னா, நல்ல ஊடு. கடல் காத்து ஃபேனே கேக்காது. தண்ணியும் ஒண்ணும் குத்தமில்ல. ஆனியிலயே கூட்டியாந்து காட்டியிருந்தா, மொகம் சுளிக்காம நானே பால் காச்சியிருப்பேன். அதுதான் உள்ள குத்திக்கினே இருக்கு. நான் ஒத்துக்க மாட்டேன்னு அவங்களாவே முடிவு பண்ணிக்கினாங்க. அந்த ஊட்டுல சம்பந்தியம்மா இருந்தா நான் பால்கனிக்குப் போயிடுவேன். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன்." அதோட சரி.

இந்த ஆடி பொறந்த வாரம் போன் அடிச்சுது. பேரப் படிக்க முடியாதுன்னு பேத்தி எனக்காக ஆளுக்கொரு படம் வச்சுக் குடுத்திருக்கா. சம்பந்தியம்மா படம். எடுக்கலாமா வேணாமான்னு பாத்துக்கினு இருந்துட்டு எடுத்தேன்.

"மதினி, மூத்தவன் வீடு மாறுதானாம். ஆவணியில போவணுமாம். பாக்கணும். வாறியளா?"

"மொதல்ல இத சொல்லுங்க. பால் காச்சியாச்சா, இல்லியா?"

"சத்தியமா இல்ல மதினி"ன்னாங்க.

நான் நம்பல. பொடவைய மாத்திக்கினு கெளம்பிட்டேன்.